‘இரவு 9.30-க்கு கரன்ட் கட்’ மெசேஜ்: ஏஐ உதவியாளரிடம் காட்டிச் சோதிப்பது எப்படி?

“அன்பான வாடிக்கையாளரே, சென்ற மாத பில் பதிவாகாததால் இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும். உடனே மின் அதிகாரியைத் தொடர்புகொள்ளவும்.” கீழே பத்து இலக்கத்தில் ஒரு செல் நம்பர்.

நாடு முழுக்கச் சுற்றிவரும் மோசடி இது. சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ உதவியாளரிடம் இதை எப்படிக் காட்டுவது, அது சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்ப்போம்.

படி 1: கூப்பிடாதீர்கள், காப்பி மட்டும் எடுங்கள்

“லிங்க்கைத் தொடாவிட்டால் ஆபத்தில்லை” என்று பலர் நம்புகிறார்கள். இந்த மெசேஜில் லிங்க்கே கிடையாது. அந்த செல் நம்பர்தான் தூண்டில். கூப்பிட்டால் மறுமுனையில் இருப்பவர் மரியாதையாகவே பேசுவார். “பத்து ரூபாய் கட்டுங்கள், பதிவாகிவிடும்” என்பார். அதற்காக ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார். அது எனிடெஸ்க் மாதிரி, உங்கள் திரையை இன்னொருவர் தொலைவிலிருந்து பார்க்க உதவும் ஆப். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்கள் தினமும் பயன்படுத்தும் நேர்மையான ஆப்தான், பிளே ஸ்டோரிலேயே கிடைக்கும். அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பத்து ரூபாய் கட்ட நீங்கள் தட்டும் கார்டு நம்பரும், மெசேஜில் வந்து விழும் ஓடிபியும் அவர் கண்ணில் படும். “ஓடிபியை யாரிடமும் சொல்ல மாட்டேன், என் பணம் போகாது” என்று இருப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம், அவரே படித்துக்கொள்வார். வாட்ஸ்அப்பில் ‘டிராஃபிக் சலான்’ என்று வரும் ஏபிகே ஃபைலும் (ஆண்ட்ராய்டு ஃபோனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) இதே வேலையைச் செய்யும்: அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தால், உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்களை அந்த ஃபைலை அனுப்பிய மோசடிக்காரருக்குக் கடத்திவிடும்.

ஆகவே மெசேஜின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ‘காப்பி’ கொடுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்.

படி 2: ஒட்டும் முன் அழியுங்கள்

ஏஐயிடம் பேசுவது நமக்குள் இருக்கும் என்று நினைக்கக்கூடாது. உரையாடல் அந்த நிறுவனத்தின் சர்வரில் சேமிக்கப்படும். செட்டிங்ஸைப் பொறுத்து, மாடலைப் பயிற்றுவிக்கவும் பயன்படலாம். உங்கள் பெயர், மின் இணைப்பு எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் எதுவும் போக வேண்டாம். ஓடிபி எந்தக் காரணத்துக்கும் போகக்கூடாது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், மேலே தெரியும் நோட்டிஃபிகேஷனையும் சேர்த்து வெட்டிவிடுங்கள்.

படி 3: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

“இது உண்மையா?” என்று மட்டும் கேட்டால் உருப்படியான பதில் வராது. அனுப்பியவர் யார் என்று ஏஐக்குத் தெரிய வழியில்லை. இப்படிக் கேளுங்கள்:

“தமிழ்நாட்டில் எனக்கு இந்த எஸ்எம்எஸ் வந்தது. பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வந்திருக்கிறது. இங்கே வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இதில் மோசடி அறிகுறிகள் என்னென்ன? நான் எதைச் செய்யக்கூடாது? யாரிடம், எந்த வழியாக உறுதிசெய்ய வேண்டும்?”

அவசரப்படுத்துவது, இணைப்பு எண்ணைக் குறிப்பிடாதது, செல் நம்பருக்குக் கூப்பிடச் சொல்வது ஆகியவற்றை அது பெரும்பாலும் பிடித்துவிடும். ‘சென்ற மாத பில்’ என்பதே தமிழ்நாட்டுக்குப் பொருந்தாத பேச்சு என்பதை நீங்கள் சொல்லிக்கொடுத்தால்தான் கவனிக்கும் வாய்ப்பு அதிகம். உங்களுக்குத் தெரிந்த உள்ளூர் விவரத்தைக் கேள்வியிலேயே சேர்ப்பது அதற்காகத்தான்.

“மோசடி மெசேஜில் எழுத்துப்பிழை இருக்கும்” என்பதும் பழைய கணக்கு. நமக்கு உதவும் அதே ஏஐ, மோசடிக்காரருக்கும் பிழையில்லாத தமிழில் எழுதித் தரும்.

படி 4: லிங்க் இருந்தால் முகவரியைப் படியுங்கள்

பூட்டுக் குறி இருந்தால் நம்பலாம் என்பது தவறு. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள், எதிர்முனையில் இருப்பவர் யோக்கியர் என்பது அல்ல. அதற்கான சான்றிதழ் யாருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. குழப்பம் வேண்டாம் என்று குரோம் பிரவுசர் 2023-இல் அந்தக் குறியையே எடுத்துவிட்டது.

‘மைபேங்க்.பேங்க்.இன்.அப்டேட்-கேஒய்சி.டாப்/லாகின்’ என்று ஒரு முகவரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பதுதான் உண்மையான உரிமையாளர்: ‘அப்டேட்-கேஒய்சி.டாப்’. முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வெறும் அலங்காரம். இப்படிப் பிரித்துக் காட்டச் சொன்னால் ஏஐ நன்றாகவே செய்யும். ஆனால் சுருக்கிய லிங்க் என்றால் அது எங்கே போய் முடியும் என்று முகவரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஏஐ ஊகிப்பதை ஏற்காதீர்கள்.

படி 5: உறுதிசெய்வது வேறு வாசலில்

இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். “கஸ்டமர் கேர் நம்பர் கொடு” என்று ஏஐயிடம் கேட்காதீர்கள். அது நம்பரைத் தவறாகச் சொல்லக்கூடும். இணையத்தில் மோசடிக்காரர் போட்டுவைத்த நம்பரையே எடுத்துத் தரவும் கூடும். வங்கி என்றால் கார்டின் பின்புறம் அச்சடித்த நம்பர். மின்கட்டணம் என்றால் மின்வாரியத்தின் ஆப்பில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டு பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் பேசுங்கள். ஏஐ “பாதுகாப்பானதாகத் தெரிகிறது” என்று சொன்னாலும் இந்தப் படியைத் தாண்டக்கூடாது.

“பணம் அனுப்புகிறோம், க்யூஆர் ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்” என்றால் யாரிடமும் கேட்கவே வேண்டாம். யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையில்லை. பின் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது.

படி 6: ஏற்கெனவே ஆப்பை இறக்கிவிட்டால்

ஏஐயிடம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. முதலில் ஏரோபிளேன் மோடைப் போடுங்கள், வைஃபையும் அணைந்துவிட்டதா பாருங்கள். இன்னொருவர் ஃபோனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கார்டையும் யுபிஐயையும் முடக்குங்கள், கையோடு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும். வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்புக்கு வங்கியே பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி வகுத்தது. ஆகவே புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வங்கி மெசேஜில் இருக்கும் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண்ணை 1930-இல் கேட்பார்கள். அந்த மெசேஜையும் மோசடி எஸ்எம்எஸ்ஸையும் அழித்துவிடாதீர்கள்.