பன்னிரண்டு ஏன் நுழைய முடியாது? பேராசைத் தொடர்வரிசைகளில் நேரும் பிழைகள்

1, 2, 4, 8 என்று எழுதி அடுத்தது என்னவென்று கும்பகோணத்தில் என்னிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், விதியைச் சொல்லி முடிப்பதற்குள் 16 என்று விடை வந்துவிடும். விதியோ வேறு. எந்த இரண்டு உறுப்புகளைக் கூட்டினாலும், ஓர் உறுப்பைத் தன்னோடு தானே கூட்டினாலும், அந்தக் கூட்டுத்தொகை வேறோர் இணையிலிருந்து வரக்கூடாது. இதற்கு உட்படும் மிகச் சிறிய எண்ணே அடுத்த உறுப்பு. கிடைக்கும் சிறியதை உடனே எடுத்துக்கொள்வதால் இது பேராசை முறை எனப்படுகிறது. மியான், சௌலா ஆகிய கணிதவியலாளர்கள் இருவரும் 1944இல் ஆராய்ந்த இத்தொடர்வரிசை 1, 2, 4, 8, 13, 21, 31, 45 எனச் செல்கிறது.

8க்குப் பின் 9 வந்தால் 1+9, 2+8 இரண்டும் 10. 10 வந்தால் 2+10, 4+8 இரண்டும் 12. 11 வந்தால் 1+11 அதே 12. பிள்ளைகள் வழுக்குவது 12இல்தான். 4+12 என்பது 16; அதனோடு மோதுவது 8+8 மட்டுமே. 8 உள்ளே வந்தபோது 16 எதனோடும் மோதவில்லை என்பதால் அதைக் குறித்துவைக்காமல் விட்டவர்களுக்கு 12 சரியான உறுப்பாகவே தோன்றும். புதிய உறுப்பின் இருமடங்கு பழைய கூட்டுத்தொகைகள் எல்லாவற்றையும்விடப் பெரியது என்பதால் அதைச் சோதிக்கத் தேவையில்லை, ஆனால் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும்.

தன்னோடு தானே கூட்டுவதை விதியிலிருந்து நீக்கினால் 1, 2, 3, 5, 8, 13, 21 என்று வேறொரு தொடர்வரிசை பிறக்கிறது. முந்தைய இரண்டின் கூட்டே அடுத்ததாக வரும் ஃபிபொனாச்சி எண்களைக் கண்டுகொண்ட மகிழ்ச்சியில் எல்லோரும் அடுத்து 34 எழுதுவார்கள். விதிப்படி வருவது 30. (நானும் முதன்முறை 34தான் எழுதினேன்.)

1, 2 எனத் தொடங்கும் உலாம் தொடர்வரிசையை இவற்றோடு குழப்பிக்கொள்வது இன்னொரு பிழை. அங்கே கூட்டுத்தொகைகள் எல்லாம் வேறுபட வேண்டியதில்லை. புதிய உறுப்பு மட்டும் முந்தைய வெவ்வேறு இரண்டு உறுப்புகளின் கூட்டாக ஒரே வழியில் அமைய வேண்டும். 1, 2, 3, 4 வந்தபின் 5 விலகுவது 1+4, 2+3 என இருவழி இருப்பதால். 6க்கு 2+4 மட்டுமே.

பேராசை முறை தருவதே மிகச் சிக்கனமான அமைப்பு என்று நம்புவதுதான் பெரிய பிழை. மியான்–சௌலா தொடர்வரிசையின் முதல் நான்கு உறுப்புகள் ஒவ்வொன்றிலிருந்தும் 1ஐக் கழித்து 0, 1, 3, 7 ஆகிய அடிகளில் ஒரு மூங்கில் கழியில் கோடு போட்டால், எந்த இரு கோடுகளின் இடைவெளியும் மற்றொன்றுக்குச் சமமாகாது. ஆனால் கழிக்கு 7 அடி நீளம் வேண்டும், 5 அடியை அதனால் அளக்கவும் முடியாது. கோடுகளை 0, 1, 4, 6 என்று மாற்றினால் 6 அடிக் கழியே போதும், 1 முதல் 6 வரை ஒவ்வோர் அளவும் சரியாக ஒருமுறை கிடைக்கும்.

தொடக்கத்தில் சில உறுப்புகள் விதிக்கு உட்பட்டதைப் பார்த்து மீதியையும் நம்பிவிடுவோருக்கு, இந்த ஊரில் வளர்ந்த இராமானுஜனின் 1729ஐக் காட்டுவேன். 1 முதல் 11 வரையுள்ள எண்களின் கனங்களை இரண்டிரண்டாகக் கூட்டினால் ஒரு கூட்டுத்தொகையும் திரும்ப வராது. 12இன் கனம் நுழைந்ததும் 1³+12³, 9³+10³ இரண்டும் 1729 ஆகிவிடுகின்றன.