எம்.பி.ஹெச். சேர்ந்தாச்சா? தீசிஸை இப்பவே தொடங்குங்கள்

எம்.பி.ஹெச். (பொது சுகாதார முதுகலை) இரண்டு வருடப் படிப்பு என்று பெயர்தான், வகுப்பு, தேர்வு, களப்பயிற்சி எல்லாம் போக தீசிஸுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, மிஞ்சுவது சில மாதங்கள். அதனால் முதல் செமஸ்டரிலேயே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, நடத்துகிற ஒவ்வொரு பாடத்தையும் அந்தக் கேள்வியோடு பொருத்திப் படியுங்கள். இனிமேல்தான் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், 1997லேயே இந்தப் படிப்பைத் தொடங்கிய திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம், சென்னை தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், புதுச்சேரி ஜிப்மர் மூன்றையும் பாருங்கள். எந்தப் பட்டம், எத்தனை வருட அனுபவம் கேட்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அந்த வருட அறிவிப்பைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

புள்ளியியல்தான் பாதிப் பேருக்குப் பயம். கம்ப்யூட்டரைத் தொடும் முன் நான்கு கட்டம் போட்டுக் கையால் கணக்குப் போடுங்கள். ஒரு விருந்தில் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். பாயசம் சாப்பிட்ட 60 பேரில் 30 பேருக்கு வாந்தி, சாப்பிடாத 40 பேரில் 4 பேருக்கு. 50 சதவீதத்தை 10 சதவீதத்தால் வகுத்தால் ரிலேட்டிவ் ரிஸ்க் 5, அதாவது சாப்பிட்டவர்களுக்கு வாந்தி வரும் வாய்ப்பு சாப்பிடாதவர்களைப் போல ஐந்து மடங்கு. அதே எண்களை வைத்து, வாந்தி வந்தவர்-வராதவர் விகிதத்தை இரண்டு பக்கமும் ஒப்பிடும் ஆட்ஸ் ரேஷியோ போட்டால் 30 பெருக்கல் 36, வகுத்தல் 30 பெருக்கல் 4, விடை 9. நோய் பரவலாக இருக்கும்போது ஆட்ஸ் ரேஷியோ இப்படித்தான் ஊதிப்போகும், அபூர்வ நோய் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும். இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்கள் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) திணற மாட்டார்கள்.

அடுத்து தலைப்பு. "சர்க்கரை நோயாளிகளின் நிலை" என்று எழுதிக்கொண்டு போனால் கைடு திருப்பித்தான் அனுப்புவார். இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவானவர்களில் எத்தனை சதவீதம் பேர் கடந்த ஒரு மாதம் மாத்திரையை விடாமல் எடுத்தார்கள் என்று கேளுங்கள், அப்போதுதான் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று கணக்கிடவே முடியும். பாதிப் பேர் எடுப்பார்கள் என்று எண்ணி, பிழை 5 சதவீதப் புள்ளிக்குள் இருக்க வேண்டுமானால் சுமார் 400 பேர். 10 என்று தளர்த்தினால் 100 போதும், ஆனால் விடை 48 என்று வந்தால் உண்மை 38க்கும் 58க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும், அதை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன சொல்வது? கிராமம் கிராமமாகத் தேர்ந்தெடுத்தால் இந்த எண்ணிக்கை இன்னும் ஏறும், இரண்டால் பெருக்குவது வழக்கம்.

ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. குழு கூடும் தேதியை முன்பே விசாரித்து வையுங்கள், ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்ததுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒப்புதல் படிவம் படிக்கிறவருக்குப் புரிகிற தமிழில் இருக்கட்டும், அரசாணை மாதிரி வேண்டாம்.

களத்தில் முதலில் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். எந்தத் தெருவில் யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்பது நர்சம்மாவுக்குத் தெரிகிற அளவு எந்தப் பதிவேட்டுக்கும் தெரியாது. பகல் 11 மணிக்குப் போனால் வேலைக்குப் போனவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், வயதானவர்களை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு வருவீர்கள், அப்புறம் முடிவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பூட்டிய வீட்டுக்குக் காலையோ மாலையோ திரும்பப் போங்கள், பக்கத்து வீட்டை வைத்து இட்டு நிரப்பாதீர்கள். "கடந்த 30 நாளில்" என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பார்கள், "போன அமாவாசையிலிருந்து" என்று கேட்டால் சட்டென்று ஞாபகம் வரும்.

கேள்வித்தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே, கடைசியில் தீசிஸில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாக வரைந்துவிடுங்கள். எந்தக் கட்டத்துக்கும் போகாத கேள்வியைத் தயவு பார்க்காமல் வெட்டுங்கள். தரவை அலசுவதற்கு எபி இன்ஃபோ, ஆர் என்ற இரண்டு மென்பொருளும் இலவசம், திருட்டு மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை.

வேலையும் குழந்தையுமாகக் களத்துக்கே போக முடியாதவர்கள், ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின் (2019-21) தரவை விண்ணப்பித்து வாங்கி வேலை செய்யலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் வீட்டிலேயே அளந்திருக்கிறார்கள். இதை மட்டம் என்று சொல்கிற சீனியர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் மாதிரி எடைகளை (ஆய்வில் வந்த ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்று காட்டும் எண்களை) சேர்க்காமல் சதவீதம் போட்டால் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்.