பூஜ்ஜியம் வேறு, வெற்று வேறு: ஜாவாவுக்கும் சி நிரலுக்கும் நடுவே

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியைச் சுற்றி உறைபனி விழும் காலம். தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடுவது இங்கே யாருக்கும் வியப்பில்லை. அந்த எண்ணை வைத்துத்தான் காரட்டும் உருளைக்கிழங்கும் போட்டவர்கள் ஸ்பிரிங்ளரைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார்கள். நான் கோத்தகிரியில் இருந்தபடி, தோட்டங்களில் நட்டுவைத்த உணரிகளின் அளவைக் கைப்பேசியில் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றைப் பராமரிக்கிறேன். உணரி அனுப்பும் பைட்டுகளைப் பிரித்துப் பொருள் கொள்வது சி மொழியில் எழுதிய நூலகம். திரையில் காட்டுவதும் எச்சரிக்கை அனுப்புவதும் ஜாவா. இரண்டையும் இணைப்பது ஜேஎன்ஐ, அதாவது ஜாவா நேட்டிவ் இன்டர்ஃபேஸ்.

ஓர் உணரி பதில் சொல்லாவிட்டால் அந்த நேரத்துக்கு அளவே கிடையாது. அந்த இல்லாமை, சி-யிலிருந்து ஜாவாவுக்கு வருவதற்குள் 0 ஆக மாறிவிட்டால் செயலி உறைபனி என்று பொய் சொல்லும். செயலியையே வீழ்த்திவிட்டால் மற்ற தோட்டங்களின் உண்மையான அளவும் சேர்ந்து மறையும். இரண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். ஜேஎன்ஐ ஃபங்ஷன்களின் பெயர்களைப் பிரித்து எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை இடைவெளியில்லாமல் சேர்த்து எழுத வேண்டும்.

இரு கரைகளின் இயல்பு

ஜாவாவில் வெற்று (நல்) மதிப்பு ஒன்றின் மீது மெத்தடை அழைத்தால் நல் பாயின்டர் எக்செப்ஷன் என்ற பிழை எழும். எந்த வரியில் எழுந்தது என்று தெரியும், பிடித்துச் சமாளிக்கவும் முடியும். அதே மதிப்பு சி பக்கம் போனால் வெற்றுப் பாயின்டராக, எதையும் சுட்டாத நினைவக முகவரியாக நிற்கும். அதைச் சோதிக்காமல் ஜேஎன்ஐ ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பெரும்பாலும் செயலி மொத்தமாக இறந்துவிடும். ஜாவாவின் ட்ரை-கேட்ச் எதுவும் அதைக் காப்பாற்றாது. ஜேஎன்ஐ ஃபங்ஷன்கள் தமக்கு வரும் பாயின்டரைச் சோதிக்கக் கடமைப்பட்டவை அல்ல என்று அதன் விவரக்குறிப்பே சொல்கிறது. வேகத்துக்காக அப்படி வடிவமைத்தார்கள். ஆகவே சோதிக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையது.

முதல் வேலை, ஜாவா பக்கத்தில் ஒரே வாயிலை வைப்பது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும் வண்டிகளை ஒரு சோதனைச்சாவடியில் நிறுத்தி பிளாஸ்டிக் பார்ப்பதுபோல, நேட்டிவ் ஃபங்ஷனுக்கு, அதாவது சி-யில் எழுதி ஜாவாவிலிருந்து அழைக்கும் ஃபங்ஷனுக்குப் போகும் ஒவ்வொரு மதிப்பும் ஒரே இடத்தைக் கடந்து போகட்டும். நேட்டிவ் மெத்தடை பிரைவேட்டாக அறிவியுங்கள். அதன் மேல் ஒரு பப்ளிக் மெத்தட் எழுதுங்கள். வெற்றாக வரக்கூடாத மதிப்புகளை அங்கே 'ஆப்ஜெக்ட்ஸ்' வகுப்பின் 'ரிக்வயர் நான் நல்' கொண்டு சோதியுங்கள். ஜாவா 7 முதல் அது இருக்கிறது. எந்த மதிப்பு வெற்றாக வந்தது என்று செய்தியையும் அதோடு கொடுங்கள். 'உணரியின் பெயர் இல்லை' என்ற ஒரு வரி, பின்னாளில் பிழை தேடுபவருக்குப் பெரிய உதவி.

இதைச் செய்தபின் சி பக்கத்தில் சோதனை எதற்கு என்று என்னோடு வேலை கற்கும் இளைஞர்கள் கேட்பதுண்டு. நாளைக்கு வேறொருவர் அந்த வகுப்பில் இன்னொரு மெத்தட் சேர்ப்பார், வாயிலைச் சுற்றிக்கொண்டு நேரே அழைப்பார். ஜாவாவில் சோதிப்பது நல்ல பிழைச்செய்திக்காக. சி-யில் சோதிப்பது செயலியின் உயிருக்காக. இரண்டும் வேண்டும்.

சி பக்கத்தில் செய்ய வேண்டியவை

'கெட் ஸ்ட்ரிங் யூடிஎஃப் சார்ஸ்', 'கெட் அர்ரே லெங்த்', 'கெட் ஆப்ஜெக்ட் கிளாஸ்' ஆகிய மூன்றையும் அழைக்கும் முன் கையிலுள்ள பாயின்டர் வெற்றா என்று கட்டாயம் பாருங்கள். வெற்றாக இருந்தால் 'த்ரோ நியூ' மூலம் எக்செப்ஷனை எழுப்பி, அடுத்த வரியிலேயே ரிட்டர்ன் செய்யுங்கள். ஜாவாவின் த்ரோ போல இது நிரலை அங்கேயே நிறுத்தாது. எக்செப்ஷன் நிலுவையில் நிற்கும், சி நிரல் தன் போக்கில் அடுத்த வரிக்குப் போய்விடும். ரிட்டர்ன் இல்லையென்றால் நீங்கள் தடுக்க நினைத்த அதே வெற்றுப் பாயின்டரை அது தொடும்.

எக்செப்ஷன் நிலுவையில் இருக்கும்போது அழைக்க அனுமதியுள்ள ஜேஎன்ஐ ஃபங்ஷன்கள் மிகச் சில: எக்செப்ஷனைச் சோதிப்பவை, நீக்குபவை, 'ரிலீஸ்' என்றும் 'டிலீட்' என்றும் தொடங்கும் விடுவிப்பு ஃபங்ஷன்கள் முதலியவை. மற்ற எதையும் அழைக்காதீர்கள்.

'கெட் ஸ்ட்ரிங் யூடிஎஃப் சார்ஸ்' நல்ல ஸ்ட்ரிங்கைக் கொடுத்தாலும் வெற்றைத் திருப்பித் தரலாம். நினைவகம் போதாதபோது அப்படி நடக்கும். அதன் விளைவையும் சோதியுங்கள். வெற்றாக வந்ததை 'ரிலீஸ் ஸ்ட்ரிங் யூடிஎஃப் சார்ஸ்' ஃபங்ஷனுக்குக் கொடுக்காதீர்கள். சி-யின் 'ஃப்ரீ' வெற்றுப் பாயின்டரைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் இதுவும் பொறுக்கும் என்று எண்ண வேண்டாம். எதிர்த்திசையில் 'நியூ ஸ்ட்ரிங் யூடிஎஃப்' ஃபங்ஷனுக்கு வெற்றுப் பாயின்டர் கொடுத்தால் ஆண்ட்ராய்டு வெற்றையே திருப்பித் தரும். விவரக்குறிப்பில் அந்த உறுதி இல்லை, ஆகவே அதை நம்பி எழுதாதீர்கள். வெற்று தாராளமாக அனுமதிக்கப்படும் இடமும் உண்டு: 'கெட் ஸ்ட்ரிங் யூடிஎஃப் சார்ஸ்' போன்ற ஃபங்ஷன்களின் கடைசியில் வரும், தந்தது நகலா என்று சொல்லும் 'இஸ் காப்பி' என்ற பாயின்டர். அங்கே வெற்றைக் கொடுத்தால் 'எனக்கு அந்தத் தகவல் வேண்டாம்' என்று பொருள்.

பெயர்களைப் பற்றி ஒன்று. எங்கள் உணரிகளுக்குக் கேத்தி, தலைகுந்தா, எடப்பள்ளி என்று தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறோம். ஜேஎன்ஐ தருவது வழக்கமான யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டு முறை அல்ல, அதன் திருத்தப்பட்ட வடிவம். தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் இரு முறையிலும் அதே மூன்று பைட்டுகள்தான், ஆகவே பெயர்களுக்குத் தொல்லை இல்லை. யாராவது பெயரோடு எமோஜி சேர்த்தால் பைட்டுகள் மாறுபடும். அப்போது ஜாவாவிலேயே யூடிஎஃப்-8 பைட் அர்ரேயாக மாற்றி அனுப்புவது பாதுகாப்பு.

அர்ரே வெற்றல்ல என்று உறுதிசெய்த பிறகும் அதற்குள் இருக்கும் உறுப்பு வெற்றாக இருக்கலாம். 'கெட் ஆப்ஜெக்ட் அர்ரே எலிமென்ட்' தரும் ஒவ்வொன்றையும் தனித்தனியே பாருங்கள். சுழற்சிக்குள் அப்படிப் பெறும் லோக்கல் ரெஃபரன்ஸ்களை (ஜாவா பொருளைச் சுட்ட சி-க்குத் தரப்படும் தற்காலிகப் பிடிகளை) 'டிலீட் லோக்கல் ரெஃப்' மூலம் உடனுக்குடன் விடுங்கள். ஒரு நேட்டிவ் அழைப்புக்கு அத்தகைய ரெஃபரன்ஸ்களுக்குக் குறைந்தது 16 இடம் என்பதுதான் விவரக்குறிப்பு தரும் வாக்கு.

திரும்பி வந்த வெற்றுக்கு இரண்டு பொருள்

'ஃபைண்ட் கிளாஸ்', 'கெட் மெத்தட் ஐடி' ஆகியவை வெற்றைத் தந்தால் குழப்பமில்லை: தேடியது கிடைக்கவில்லை, எக்செப்ஷன் நிலுவையில் இருக்கிறது, உடனே திரும்புங்கள். வெளியீட்டுப் பதிப்பில் பெயர்களைச் சுருக்கும் கருவி, சி தேடும் மெத்தடின் பெயரை மாற்றிவிடும்போது இது நேரும். அந்த வகுப்பைத் தொடாதே என்று கருவிக்கு விதி எழுதிவையுங்கள்.

'கால் ஆப்ஜெக்ட் மெத்தட்' அப்படியல்ல. அழைத்த ஜாவா மெத்தட் தன் வேலையை முடித்து வெற்றையே விடையாகத் தந்திருக்கலாம். நடுவில் எக்செப்ஷன் எழுந்திருக்கலாம். விடையைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. முதலில் 'எக்செப்ஷன் செக்', பிறகு விடை வெற்றா என்ற சோதனை. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எண்ணுக்கு வெற்று கிடையாது

முழு எண்ணுக்கும் தசம எண்ணுக்கும் ஜாவாவின் அடிப்படை வகைகளில் வெற்று மதிப்பே இல்லை. எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். என்ன போடுகிறோம் என்பதில்தான் எனக்குப் பிடிவாதம் அதிகம்.

0 போடக்கூடாது என்பதை மேலே சொன்னேன். -1 போடுகிறார்கள், சமவெளியில் வெப்பநிலைக்கு அது பொருந்தலாம், இந்த மலையில் -1 உண்மையான அளவு. மழையளவுக்கு 999 போடுவது இன்னொரு பழக்கம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. அந்த எண்ணைப் பார்த்தபிறகும் 999 வராது என்று யார் துணிந்து சொல்வது? இயற்கை எட்டக்கூடிய எந்த எண்ணையும் இல்லாமைக்கு அடையாளமாக வைக்காதீர்கள்.

தசம எண்ணில் 'நாட் எ நம்பர்' என்ற சிறப்பு மதிப்பு உண்டு. சி, ஜாவா இரண்டிலும் ஒன்றுதான், எல்லையைப் பத்திரமாகக் கடக்கும். ஆனாலும் அதற்கென்று ஆபத்துகள் உள்ளன. அது தனக்குத்தானே சமமல்ல. 'டபுள்' வகுப்பின் 'இஸ் நேன்' கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். 'வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழா' என்று ஒப்பிட்டால் விடை 'இல்லை' என்றே வரும், எச்சரிக்கை சத்தமின்றி நின்றுபோகும். அதைவிட மோசம், ஜாவாவில் அதை முழு எண்ணாக மாற்றினால் கிடைப்பது 0. 'மேத் ரவுண்ட்' கொடுப்பதும் 0. தசமத்தை நீக்கித் திரையில் காட்டலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு எழுதும் ஒரு வரியில், செத்துப்போன உணரி உறைபனியை அறிவித்துவிடும். சி-யில் இதே மாற்றத்தின் விளைவு வரையறுக்கப்படவே இல்லை.

'டபுள்' பொருளாக மாற்றி, அளவு இல்லையென்றால் வெற்றைத் திருப்பி அனுப்புவது இன்னொரு வழி. ஓர் அளவு மட்டும் கேட்கும் ஃபங்ஷனுக்கு இது நல்லது. வாங்கும் இடத்தில் அதைச் சாதாரண 'டபுள்' மாறிக்குள் நேரே போட்டால், ஜாவா அதிலிருந்து எண்ணைத் தானாகப் பிரிக்க முயன்று எக்செப்ஷன் எழுப்பும். கோட்லினில் நேட்டிவ் ஃபங்ஷனை அறிவித்தால் திரும்பும் வகையின் பின்னால் கேள்விக்குறி போடுங்கள். போடாவிட்டால் கம்பைலர் உங்கள் அறிவிப்பை அப்படியே நம்பிவிடும்.

நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது இரண்டு அர்ரே முறை. ஜாவாவே ஒரு தசம அர்ரேயும், அதே நீளத்தில் ஒரு பைட் அர்ரேயும் உருவாக்கி சி-க்கு அனுப்பும். சி முதலாவதில் அளவுகளையும் இரண்டாவதில் ஒவ்வோர் அளவின் நிலையையும் 'செட் டபுள் அர்ரே ரீஜன்', 'செட் பைட் அர்ரே ரீஜன்' மூலம் நிரப்பும். நிலை 1 என்றால் அளவு சரி; 2 என்றால் பேட்டரி தீர்ந்தது; 3 என்றால் சிக்னல் இல்லை; 4 என்றால் வந்த பைட்டுகள் சிதைந்தவை. 0 என்பதை 'இன்னும் நிரப்பவில்லை' என்று வைத்திருக்கிறேன். ஜாவா புதிய அர்ரேயை 0 போட்டுத்தான் தரும் என்பதால், சி பாதியில் திரும்பினாலும் மீதி தானாகவே 'அளவு இல்லை' என்று நிற்கும். சி எதையும் புதிதாக உருவாக்காததால் வெற்று பிறக்கும் இடங்களும் குறைகின்றன. அதோடு, அளவு ஏன் இல்லை என்ற காரணமும் தோட்டக்காரருக்குப் போய்ச் சேர்கிறது. கேத்தியில் காரட் போடும் அக்காவுக்கு, அளவு இல்லாத இடத்தில் வெறும் கோடு மட்டும் காட்டினால் போதவில்லை. பேட்டரி என்றால் மகனை அனுப்பி மாற்றிவிடுவார், சிக்னல் என்றால் காத்திருப்பார்.

லாங் எண்ணில் ஒளிந்திருக்கும் பாயின்டர்

சி நூலகம் திறந்த இணைப்பின் முகவரியை ஜாவாவில் 'லாங்' எண்ணாக வைத்திருப்பது பரவலான வழக்கம். மூடியதும் அதை 0 ஆக்குங்கள். பயன்படுத்தும் ஒவ்வொரு மெத்தடும் முதலில் 0-வா என்று பார்க்கட்டும். திறப்பு, பயன்பாடு, மூடல் மூன்றையும் ஒரே பூட்டின் கீழ் வையுங்கள், இல்லாவிட்டால் சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே வேறொரு த்ரெட் மூடிவிடும்.

சோதனையை 'பூஜ்ஜியத்தைவிடப் பெரியதா' என்று எழுதாதீர்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் 64 பிட் ஏஆர்எம் கைப்பேசிகளில் ஹீப் பாயின்டரின் (நிரல் ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகத்தின் முகவரியின்) மேல் பைட்டில் ஒரு குறி இருக்கும். ஜாவாவில் அது எதிர்ம எண்ணாகத் தெரியலாம். முகவரி சரியாக இருக்க, உங்கள் சோதனை அதை வெற்று என்று தள்ளிவிடும். 'பூஜ்ஜியத்துக்குச் சமமில்லையா' என்று மட்டும் கேளுங்கள்.

வீக் குளோபல் ரெஃபரன்ஸ் (பொருளைக் குப்பை சேகரிப்பானிடமிருந்து காக்காத, அழைப்பு முடிந்தபின்னும் நிலைக்கும் பிடி) வைத்திருப்பவர்களுக்கு: அது சுட்டும் பொருளைக் குப்பை சேகரிப்பான் எடுத்துவிட்டாலும் பாயின்டர் வெற்றாகாது. 'நியூ லோக்கல் ரெஃப்' எடுத்து, அது வெற்றா என்று பார்த்து, அதையே பயன்படுத்துங்கள்.

சோதித்துப் பார்த்தல்

ஒவ்வொரு நேட்டிவ் மெத்தடுக்கும் வெற்று மதிப்பையும், காலி அர்ரேயையும், நடுவில் வெற்று உறுப்புள்ள அர்ரேயையும் கொடுக்கும் டெஸ்ட் எழுதுங்கள். கணினியில் ஓட்டும்போது ஜாவா நிரலை இயக்கும் ஜேவிஎம்முக்கு 'எக்ஸ்செக் ஜேஎன்ஐ' என்ற விருப்பத்தைக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு எமுலேட்டரில் ஜேஎன்ஐ அழைப்புகளைச் சோதிக்கும் 'செக் ஜேஎன்ஐ' இயல்பாகவே இயங்கும். டீபக் பதிப்பிலும் அது வேலை செய்யும். தவறான இடத்தில் வெற்றைக் கொடுத்தால் எந்த ஃபங்ஷன் என்று பெயர் சொல்லி நிறுத்தும். உணரியின் பேட்டரியைக் கையால் கழற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். அங்கே எந்த எண்ணும் வரக்கூடாது.

வெளியீட்டுப் பதிப்பில் 'செக் ஜேஎன்ஐ' இருக்காது. ஆகவே சி-யில் எழுதும் வெற்றுச் சோதனைகளை 'அசெர்ட்' மேக்ரோவுக்குள் வைக்காதீர்கள். 'என்டீபக்' வரையறுத்துக் கம்பைல் செய்யும்போது அவை அத்தனையும் நீங்கிவிடும். சாதாரண 'இஃப்' ஆகவே எழுதுங்கள்.