மாநாட்டுப் பயண நிதி: டிக்கெட் போடும் முன் விமான எண்ணைப் பாருங்கள்

அமெரிக்காவில் படிக்கும் மாணவருக்கு மாநாட்டுப் பயண உதவி என்எஸ்எஃப் (அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை) பணத்திலிருந்து வருகிறதா? டிக்கெட்டில் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் விமான எண்ணில் யுஏ (யுனைடெட்), டிஎல் (டெல்டா), ஏஏ (அமெரிக்கன்) போன்ற அமெரிக்க நிறுவனக் குறியீடு இருக்கும்படி பதிவு செய்யுங்கள். அரசுப் பணத்தில் பறப்பவர்கள் அமெரிக்க விமான நிறுவனங்களைப் பயன்படுத்தச் சொல்லும் ‘ஃப்ளை அமெரிக்கா’ சட்டம் பார்ப்பது அந்தக் குறியீட்டைத்தான். விமானத்தை ஓட்டுவது யார் என்பதை அல்ல. வான்கூவருக்கு ஏர் கனடா விமானத்திலேயே போகலாம், டிக்கெட்டில் யுஏ எண் இருந்தால் செல்லும். அதே இருக்கையை ஏர் கனடாவின் ஏசி எண்ணில் வாங்கினால், நூறு டாலர் மலிவாகவே கிடைத்தாலும், முழுத் தொகையும் திரும்பி வராமல் போகலாம். பெரும்பாலும் பணம் மாநாடு முடிந்த பிறகே வரும் என்பதால், தவறு தெரியும்போது திருத்த வழியிருக்காது.

ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கு, அமெரிக்காவுடனான ஒப்பந்தத்தின்படி விலக்கு உண்டு. ஆனாலும் நிதி தருபவர்களிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கம்பெனிகளோ சங்கங்களோ தங்கள் சொந்தப் பணத்திலிருந்து தரும் நிதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.