மொட்டை மாடியில் ஒரு வருடக் காய்கறி: எதை எப்போது போடுவது, எதை விட்டுவிடுவது

மாடித்தோட்டம் போடலாம் என்று முடிவெடுத்தவுடன் எல்லோரும் நர்சரிக்குத்தான் ஓடுகிறோம். அதற்கு முன்னால் வெறுங்கையோடு மாடிக்குப் போய், காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மாலை நாலு என்று மூன்று நேரம் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காய் காய்க்கிற செடி எதுவானாலும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நாலு மணி நேரம் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நான் சொல்வது சென்னைப் பக்கத்து மாடிகளைப் பற்றி. இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே போகும், மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அந்த மாதத்தில் 3 அடிக் கைப்பிடிச் சுவர் நண்பகலிலேயே 2 அடிக்கு மேல் நிழல் போடும், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளமாக. அதனால் ஆடியில் தெற்குச் சுவரை ஒட்டி வைத்து ஜோராக வளர்ந்த செடி, தை வரும்போது காரணமே தெரியாமல் சோர்ந்து நிற்கும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவோம். செடி வளரும் பையை வடக்குப் பக்கமாக நாலடி நகர்த்தினாலே போதும்.

பையும் மண்ணும்

15க்கு 15 அங்குலப் பையில் செம்மண் கலவை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 30 கிலோவைத் தாண்டும். இருபது பை என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தளத்தின் நடுவில் கும்பலாக வைக்காமல் பீம் போகும் கோட்டிலும் சுவரோரமாகவும் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் அடியில் செங்கலோ ஸ்டாண்டோ இருக்கட்டும், தளத்தில் நேராக வைத்தால் அடியில் ஈரம் காயவே காயாது. வீடு பழசு என்றால் முதலில் கட்டடம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு ஆரம்பிப்பது நல்லது, குறிப்பாக வாடகை வீட்டில்.

பாரத்துக்குப் பயந்து சிலர் வெறும் தேங்காய் நார்க்கழிவிலேயே செடி வைக்கிறார்கள். அதில் சத்து என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, தண்ணீரைப் பிடித்து வைப்பது ஒன்றுதான் அதன் வேலை. செம்மண் ஒரு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. இந்தக் கலவை போதும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். கலவையில் உடனே நடாமல், அதில் ஈரம் தெளித்து ஒரு வாரம் பத்து நாள் ஆறப்போட்டால் சூடு தணிந்துவிடும். மக்காத சாணியைப் போட்டால் வேர் கருகும், இதில் மட்டும் குறுக்கு வழி இல்லை.

கீரைக்கு ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். பழக்கடை, மீன்கடைகளில் கிடைக்கும் தெர்மோகோல் பெட்டி இதற்குப் பிரமாதம், அடியில் ஓட்டை போட்டால் போதும், வெயில் காலத்தில் வேர் சூடாகாமலும் காக்கும். கொடிக் காய்களுக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளிதான் குறைந்தபட்சம், பாதியாக அறுத்த டிரம் கிடைத்தால் அதுதான் சரி. சின்னப் பையில் சுரைக்காய் போட்டால் கொடி ஓடும், பூவும் வரும், பிஞ்சு கட்டைவிரல் அளவில் மஞ்சளாகி உதிரும்.

தண்ணீர்

தினமும் காலையில் ஒரு குவளை என்று கணக்கு வைத்து ஊற்றுவது சரிப்படாது. நார்க்கழிவு கலந்த மண்ணின் மேல்பாகம் காய்ந்து பழுப்பாகத் தெரியும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விடுமுறை. சித்திரை, வைகாசியில் காலை மாலை இரண்டு வேளையும் ஊற்ற வேண்டியிருக்கும், மார்கழியில் ஒருநாள் விட்டு ஒருநாள்கூடப் போதும்.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பையின் மேலே வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். அப்போது தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதை நிறுத்தி, அடியில் தண்ணீர் நன்றாக வழியும்வரை ஒருமுறை நிறைய ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். மழை பெய்தால் அதுவே இந்த வேலையைச் செய்துவிடும்.

தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். சத்துக் குறைவுதான், ஆனால் பெரும்பாலும் மண்ணில் அது இருந்தும், ஒருநாள் காய்ந்து மறுநாள் வெள்ளமாகிற மண்ணில் செடியால் அதைக் காய்வரை கொண்டுபோக முடிவதில்லை. முட்டை ஓடு மக்கிக் கரைவதற்குள் அந்தத் தக்காளிச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். ஈரத்தைச் சீராக வையுங்கள், மண்ணின்மேல் காய்ந்த சருகை இரண்டு அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், அடுத்துப் பிடிக்கிற காய்கள் பெரும்பாலும் நன்றாக வரும்.

காய்க்கிற மாதத்தைப் பாருங்கள்

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மழையை நம்பிய வயலுக்குச் சொன்னது. மாடியில் குழாய் இருக்கிறது, ஆகவே விதைக்கிற மாதத்தைவிட அந்தச் செடி பூத்துக் காய்க்கிற மாதம் எது என்பதுதான் முக்கியம். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் பாதித் தோல்வி குறையும்.

தக்காளியையே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவில் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலோ பூ சரியாகப் பிஞ்சாகாது, உதிர்ந்துவிடும். சென்னையில் கோடை இரவுகள் எப்படி என்று உங்களுக்கே தெரியும். அதனால் இங்கே புரட்டாசி, ஐப்பசியில் நாற்றுவிட்டு, மழை நேராக அடிக்காத இடத்தில் வளர்த்து, பிறகு பெரிய பைக்கு மாற்றினால் மார்கழி, தை இரவுகளில் பூ நிற்கும், காயும் பிடிக்கும். மாசியில் நட்டுவிட்டு வைகாசியில் பூ உதிர்கிறதே என்று மருந்து தேடுவதில் பயனில்லை.

வெண்டை நேர் எதிர். வெயில் அதற்கு உயிர். ஆடியில் விதையை நேராகப் பையில் ஊன்றினால் 45 நாளில் முதல் காய், மழை வலுக்கும் முன் நல்ல அறுவடை முடிந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், இரண்டு நாள் மறந்தால் முற்றி மரக்கட்டை. ஒரு வீட்டுக் குழம்புக்கு நாலைந்து செடி பத்தாது, எட்டு பத்தாவது வேண்டும், ஏனென்றால் ஒரே நாளில் ஒரு செடியில் ஒரு காய், மிஞ்சினால் இரண்டு.

அவரையில் பலர் ஏமாறுகிறார்கள். பந்தல் ஏறும் பழைய நாட்டு அவரைக்குப் பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கிற குணம். தையில் விதைத்தால் கொடி மட்டும் மாதக்கணக்கில் வளரும். ஆடியில் போட்டுவிட்டு மார்கழிவரை பொறுமையாக இருக்க வேண்டும், பொறுமை இல்லாதவர்களுக்குக் குத்து அவரை இருக்கிறது, அது எந்தப் பட்டத்திலும் வரும்.

கொத்தமல்லி மார்கழி, தையில் மட்டும். விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். கோடையில் போட்டால் நாலு இலை வந்ததும் பூவெடுத்துவிடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் படத்துக்கு அழகு, ஒரு பை முழுக்க மூன்று மாதம் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு பூ தரும் பயிருக்கு மாடியில் இடம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

கத்தரிதான் மாடியின் ராஜா. ஒருமுறை பிடித்துவிட்டால் ஐந்தாறு மாதம் காய்க்கும், ஓய்ந்ததும் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து தொழுவுரம் வைத்தால் மறுபடி துளிர்க்கும். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி விதை கிடைத்தால் விடாதீர்கள். பறிக்கும்போது முள் குத்தும், எண்ணெய்க் கத்தரிக்காய் செய்து சாப்பிடும்போது அது மறந்துபோகும்.

அக்னி நட்சத்திர நாட்களில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். கொத்தவரை, காராமணி, வெண்டை, கொடிப்பசலை, பருப்புக்கீரை, தண்டுக்கீரை, இவை தாங்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மற்ற பைகளைக் காலியாக விடுவதில் கேவலம் ஒன்றுமில்லை.

செலவுக் கணக்கு கேட்பவர்களுக்கு: பை, மண், உரம், வலை எல்லாம் சேர்த்தால் முதல் வருடம் கடைக் காய்தான் மலிவு. கீரையில் மட்டும் லாபம் சீக்கிரம் தெரியும். சிறுகீரை மூன்று நாலு வாரத்தில் கைக்கு வரும், அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், பொன்னாங்கண்ணியும் புதினாவும் சந்தையில் வாங்கிய கட்டின் தண்டை ஊன்றினாலே வரும். கீரை விதையை மணலோடு கலந்து தூவுங்கள், எறும்பு இழுத்துப் போகாமல் சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள்தூள் போடுகிறவர்கள் உண்டு. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டக் கிட் கொடுப்பதுண்டு, அதையும் விசாரித்துப் பாருங்கள்.

பூச்சி

இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் புரட்டிப் பார்ப்பதுதான் முதல் மருந்து. அசுவினியும் மாவுப்பூச்சியும் ஆரம்பத்தில் ஒரு கிளையில்தான் இருக்கும். வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவினாலே பாதி போய்விடும். செடியில் எறும்பு ஊர்ந்தால் சந்தேகப்படுங்கள், மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக அதற்குக் காவல் நிற்பதே எறும்புதான், எறும்பை ஒழிக்காமல் மாவுப்பூச்சி ஒழியாது.

வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கூடவே கொஞ்சம் காதி சோப் கரைசல். சோப் இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும், தெளிப்பது வெறும் தண்ணீராகத்தான் இருக்கும். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள், மதியம் தெளித்தால் இலை வெந்துவிடும். பூச்சி வருகிறதோ இல்லையோ பத்து நாளுக்கு ஒருமுறை.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஒரே மருந்து கேட்காதீர்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் நன்றாகக் கேட்கும், அதையும் கடும் வெயில் நாளில் தெளிக்கக் கூடாது.

வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். எந்தக் கரைசலும் அதைக் குணமாக்காது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு பிடுங்கிவிடுங்கள், ஒன்றுக்காகத் தயங்கினால் வரிசை முழுக்கப் போகும். கத்தரியில் நுனி மட்டும் வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத்துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி, புழுவை நசுக்கி, குப்பையில் போடுங்கள், உரத்தொட்டியில் வேண்டாம்.

செடியின் ஊட்டத்துக்கு, சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்த பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி, மீனும் வெல்லமும் ஊறிய மீன் அமிலம் 5 மில்லி, வாரம் மாற்றி வாரம். மீன் அமிலம் தெளித்த அன்று தெருப் பூனைகள் அத்தனையும் மாடிக்கு வரும், பக்கத்து வீட்டு அக்காவும் என்ன நாற்றம் என்று கேட்பார். இரண்டுக்கும் தயாராக இருங்கள்.

கொடியில் முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும். பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. மாடியில் தேனீ குறைவென்றால் ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் விடிகாலை, சுரைக்கும் பீர்க்கைக்கும் சாயங்காலம், ஏனென்றால் அவை விரிகிற நேரம் அதுதான். காலையில் எழுந்து சுரைப்பூவைத் தேடினால் வாடிய பூதான் இருக்கும்.

மழைக்கு முன்னும் பின்னும்

வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் ஆரம்பிக்கும். அதற்குள் பை ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிட்டு, மாடியின் வடிகுழாய் வாயில் ஒரு கம்பி வலை வையுங்கள். சருகு அடைத்து மாடி முழுக்கத் தண்ணீர் தேங்கினால் செடியைவிட வீட்டுக்கு ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்தால் பந்தலின் நிழல்வலையை அவிழ்த்துவிட வேண்டும், அது பாய்மரம்போல் காற்றைப் பிடித்துக் கம்பத்தோடு பிடுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த வெளியில் கீரை விதைக்காதீர்கள், மழை அடித்து விதை ஓரத்தில் ஒதுங்கிவிடும். பெருமழை விட்டதும் சத்து கரைந்து போயிருக்கும், பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள்.

பழைய மண்ணைக் கொட்டிவிட வேண்டியதில்லை. செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு, அந்த மண்ணைக் காய்கறிக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். சுத்தமாக இருந்தால் சித்திரை வெயிலில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, நாலில் ஒரு பங்கு புதுத் தொழுவுரம் சேர்த்து நிரப்புங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம், ஒன்று இருந்த பையில் அடுத்து இன்னொன்றை வைக்காமல் கொத்தவரையோ காராமணியோ போடுங்கள். எந்தப் பையில் எது இருந்தது என்பது நிச்சயமாக மறந்துபோகும், அதனால் பையின் மேலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஸ்கெட்ச் பேனா வேண்டாம், வெயிலில் ஒரே மாதத்தில் வெளுத்துவிடும்.