ஊர் நகர மன்றத்தில் கஞ்சா சட்டம் வந்தால் எதைப் படிப்பது, என்ன பேசுவது

கலிபோர்னியாவில் 21 வயது நிறைந்தவர்கள் கஞ்சா வைத்திருப்பதை 2016 வாக்கெடுப்பு சட்டப்படி சரியாக்கிவிட்டது. ஆனால் கடை வரலாமா, எத்தனை வரலாம், உரிமம் யாருக்கு என்பதெல்லாம் இன்னும் அந்தந்த ஊரின் கையில்தான். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில், ஓக்லாந்து இருக்கும் கிழக்கு விரிகுடாப் பகுதியில், இதைப் பேசும் நகர மன்றக் கூட்டங்களுக்கு நான் தொடர்ந்து போகிறேன். நம் ஆட்களைப் பார்ப்பது அபூர்வம். “கஞ்சா விஷயத்தில் நமக்கென்ன வேலை” என்கிறார்கள். இத்தனை காலம் இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் யார், இனி இதில் சம்பாதிக்கப் போகிறவர்கள் யார் என்பதுதான் அங்கே பேசப்படுகிறது. 2015 கணக்கில் ஓக்லாந்தில் கறுப்பினத்தவர் மக்கள்தொகையில் ஏறத்தாழ 30 சதவீதம். அந்த வருடம் கஞ்சாவுக்காகக் கைதானவர்களில் அவர்கள் 77 சதவீதம். வெள்ளையர்களும் அப்போது ஊரில் கிட்டத்தட்ட அதே அளவுதான். கைதானவர்களில் வெறும் 4 சதவீதம்.

வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதோடு சட்ட வரைவும் இருக்கும். கஞ்சா வழக்குகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமத்தில் முன்னுரிமை தருவதைத்தான் இதில் ‘சமத்துவம்’ என்கிறார்கள். முன்னுரையில் அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்க்காதீர்கள். நேராகத் தகுதிப் பிரிவுக்குப் போங்கள். ஓக்லாந்து 2017-இல் எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் குறை தானாகத் தெரியும். அதன்படி, சமத்துவ முறையில் விண்ணப்பிப்பவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும். வருமானம் ஊரின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதோடு, போலீஸ் கெடுபிடி அதிகமிருந்த பகுதிகளில் கடந்த 20 வருடங்களில் 10 வருடம் வாழ்ந்திருக்க வேண்டும், அல்லது 1996 நவம்பருக்குப் பிறகு ஓக்லாந்தில் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றிருக்க வேண்டும். உங்கள் ஊர் வரைவில் ‘பின்தங்கியவர்களுக்கு முன்னுரிமை’ என்று மட்டும் இருந்தால், யார் அவர்கள் என்று கேளுங்கள்.

அடுத்து இடம். பெரும்பாலானவர்கள் விழுவது இங்கேதான். விண்ணப்பிக்கும் முன்பே கடை வாடகைக்கு எடுத்திருக்க வேண்டும் என்று வரைவு சொல்கிறதா? பள்ளிக்கூடத்திலிருந்து 600 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது மாநிலத்தின் பொது விதி. அந்த 600 அடிக்கு வெளியே இருக்கும் கட்டடங்கள் கொஞ்சம்தான். அவற்றின் சொந்தக்காரர்கள் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி, தன் தம்பி சிறைக்குப் போய் வந்த தெருவிலேயே கடை பிடித்தார். உரிமம் வரும்வரை ஷட்டரைத் திறக்க முடியாது, வாடகை மட்டும் மாதம் தவறாமல் போனது. வங்கிக் கடன் இந்தத் தொழிலுக்குக் கிடைப்பது அரிது. கடைசியில் அம்மாவின் சேமிப்பில் கை வைத்தார். ஆகவே, உரிமத்துக்கு முதல் ஒப்புதல் வந்த பிறகு இடம் தேடலாம் என்று மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஓக்லாந்து வழியைக் கேளுங்கள்: சமத்துவ விண்ணப்பதாரருக்கு 1,000 சதுர அடியை 3 வருடம் வாடகையில்லாமல் தரும் கஞ்சா நிறுவனத்துக்கு, அதன் சொந்த உரிமத்துக்கான வரிசையில் முன்னுரிமை.

மூன்றாவது, பினாமி. பணக்காரர் ஒருவர் தகுதியுள்ளவரின் பெயரில் உரிமம் வாங்கி, லாபத்தைத் தானே எடுத்துக்கொள்வது நடக்கிறது. உரிமையாளர் பங்கு எவ்வளவு என்பதோடு, லாபமும் முடிவெடுக்கும் அதிகாரமும் அதே விகிதத்தில் போகிறதா, அதை நகராட்சி யாரை வைத்துச் சரிபார்க்கும் என்றும் கேளுங்கள்.

பேச ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான் கிடைக்கும். பிரிவு எண்ணைச் சொல்லி, இந்த வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று நேராகச் சொன்னால் போதும். எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கூட்டத்தில் பேசலாம், தாராளமாக. ஆனால் ‘நானும் பயன்படுத்தியிருக்கிறேன்’ என்று எங்கேயும் சொல்லாதீர்கள். வக்கீலைக் கேட்காமல் இந்தத் தொழிலில் வேலைக்கும் சேராதீர்கள். மாநிலத்தில் சரி என்றாலும், அமெரிக்க ஒன்றிய அரசு இதைக் குற்றமாகப் பார்த்துக் குடியுரிமையை மறுக்கலாம். பழைய கஞ்சா வழக்கை மாநிலம் துடைத்துவிட்டாலும் குடியேற்றத் துறை அதைக் கணக்கில் எடுக்கலாம்.

அப்புறம், நகரச் சட்டங்கள் வழக்கமாக இரண்டு முறை வாக்கெடுப்புக்கு வரும். முதல் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட திருத்தம் இரண்டாவது வரைவில் அப்படியே இருக்கிறதா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கும் போய்ப் பேசுங்கள்.