தில்லிப் பேரணிக்கு முதன்முறையாகச் செல்லும் விவசாயிகளுக்கு

2018 நவம்பர் 29 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் கூடி, மறுநாள் நாடாளுமன்றச் சாலைக்கு ஊர்வலமாக நடந்த பல்லாயிரம் விவசாயிகளில் தமிழ்நாட்டவரும் இருந்தனர். இத்தகைய அழைப்புகள் பெரும்பாலும் நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஒட்டியே வருகின்றன. கோரிக்கைகளை உங்கள் சங்கம் விளக்கியிருக்கும் என்பதால், இங்கே பயண ஆயத்தத்தை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வேலை ரயில் முன்பதிவு. பயண நாளுக்கு 60 நாள்கள் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. ஒரு பயணச்சீட்டில் ஆறு பேர்வரை சேர்க்கலாம். இணையத்தில் எடுத்த சீட்டில் உள்ள அனைவரும் காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால், இறுதிப் பட்டியல் தயாரானதும் அது தானாக ரத்தாகிவிடும். அதை நம்பி நிலையத்துக்கு வருபவர் முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு இரவுகளைக் கழிக்க நேரும். ஆர்.ஏ.சி. (உறுதியான சீட்டுக்கும் காத்திருப்புப் பட்டியலுக்கும் இடைப்பட்ட நிலை) என்றால் ஏறலாம், ஆனால் ஒரு படுக்கையை இருவர் பகிர்ந்துகொள்ள வேண்டும். முதியவர்களின் சீட்டுகளை முதலில் உறுதிசெய்யுங்கள்.

பலரும் தடுமாறுவது திரும்பும் பயணத்தில்தான். மாலையில் கூட்டம் முடிந்துவிடும், இரவு ரயிலைப் பிடித்துவிடலாம் என்று கணக்கிடாதீர்கள். ஊர்வலம் புறப்படுவதே தாமதமாகும், பேச்சுகள் நீளும், ஜன்பத், படேல் சௌக் போன்ற அருகிலுள்ள மெட்ரோ நிலையங்களைக் காவல்துறையின் அறிவுறுத்தலின்பேரில் மூடிவிடுவதும் உண்டு, அத்தனை பேர் கூடிய இடத்தில் கைப்பேசி இணைப்பும் கிடைப்பதில்லை. ஆகவே மறுநாள் ரயிலுக்கே பதிவு செய்யுங்கள். பிரிந்தவர்கள் சேரும் இடத்தையும் நேரத்தையும் ஊரிலேயே முடிவுசெய்து, ஆளுக்கொரு தாளில் இந்தியிலும் தமிழிலும் எழுதிக் கொடுங்கள்; இந்தியில் இருந்தால்தான் ஆட்டோ ஓட்டுநரிடம் காட்டி வழி கேட்க முடியும். கைப்பேசிக் குழுவில் செய்தி போட்டால் போதும் என்ற கருத்தை நான் ஏற்பதில்லை. பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று, புறப்படும்போதும் சேரும்போதும் பெயர் சொல்லி எண்ண வேண்டும்.

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், முதுகுப்பையே போதும். நவம்பர் இறுதியில் தில்லியின் இரவு நம் மார்கழியைவிடக் கடுமையாகக் குளிரும். மைதானத்தில் தரையில் படுக்க நேரலாம் என்பதால் ஸ்வெட்டர், குல்லா, காலுறை, கெட்டிப் போர்வை, விரிக்க ஒரு தார்ப்பாய் ஆகியவை தேவை. புகைமூட்டம் மிகுந்த காலமாதலால் ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு நாள்களுக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டுடன் கொண்டுசெல்லுங்கள். புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் முதல் நாளைத் தாண்ட உதவும். விலையுயர்ந்த கைப்பேசியைவிட, பல நாள்கள் மின்னேற்றம் நிற்கும் பட்டன் போனே இதற்குச் சிறந்தது என்பேன்.

புதுதில்லி நிலையத்தில் அஜ்மீரி கேட் பக்கமாக வெளியே வாருங்கள். ராம்லீலா மைதானம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பகார்கஞ்ச் பக்கம் இறங்கிவிட்டால் சுமைகளோடு நிலையத்தைச் சுற்ற வேண்டியிருக்கும். பசித்தால் பங்களா சாகிப் குருத்வாராவில் (சீக்கியர் வழிபாட்டுத் தலம்) எவருக்கும் உணவு உண்டு. தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டுச் செல்ல வேண்டும்.

பதாகைகளைத் தமிழோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நம் துயரம் அங்குள்ள செய்தியாளருக்குப் படித்தவுடன் விளங்க வேண்டும். கனத்த தடிகளைக் காவலர்கள் பறிமுதல் செய்யக்கூடும் என்பதால் கொடிக்கு மெல்லிய குச்சியே போதும்.

பின்சேர்க்கை: கைது செய்தால் என்ன செய்வது என்று பெண்கள் சிலர் கேட்டிருந்தனர். கைதுக்கான காரணத்தை அறியவும், வழக்கறிஞரைக் கலந்துபேசவும், குடும்பத்தாருக்குத் தகவல் தெரிவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் உங்களை நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழலன்றி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணையும், சங்க வழக்கறிஞரின் எண்ணையும் முன்னங்கையில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.